சிறு தட்டு, சம பங்கு: ஸ்பெயினின் தபாஸ் வழக்கமும் நட்பின் பொருளியலும்

1. கேள்வி

ஸ்பெயினின் தபாஸ் இன்று உலகெங்கும் ஓர் உணவக வகையாக அறியப்படுகிறது. லண்டனிலோ வாஷிங்டனிலோ நான்கைந்து நண்பர்கள் ஒரு மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். காரச் சாறு ஊற்றிய உருளைக்கிழங்கு வறுவல், ஆலிவ் எண்ணெயில் பூண்டோடு வதங்கிய இறால், உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடை, காடியில் ஊறிய நெத்திலி என்று சிறு தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. யார் எதைக் கேட்டார்கள் என்பது மறந்துபோய் எல்லாரும் எல்லாவற்றிலும் கைவைக்கிறார்கள். ஆளுக்கொரு தட்டு, ஆளுக்கொரு சாப்பாடு என்ற மேற்கத்திய உணவக முறையோடு ஒப்பிட்டால் இதில் ஒரு நெருக்கம் கூடிவருகிறது. அந்த நெருக்கம் எங்கிருந்து வருகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

வழக்கமாகக் கிடைக்கும் விடைகள் இரண்டு. பயண ஏடுகள் ஏதாவது ஓர் அரசரின் பெயரைச் சொல்லி, இது தொன்மையான மரபு என்கின்றன. வேறு சிலர் மத்தியதரைக் கடல் மக்களின் இயல்பைக் காரணமாகச் சொல்கிறார்கள்: வெயில், வெளிப்படையான மனம், பேச்சில் நாட்டம். இரண்டு விடைகளும் போதா என்பது என் வாதம். கோப்பையின் அளவு, தட்டின் மேலுள்ள உரிமை, பணம் கொடுக்கும் முறை, ஒரே கடையில் தங்கிவிடாமல் அடுத்ததற்கு நடப்பது ஆகிய சாதாரணமான பொருளியல் ஏற்பாடுகளே தபாஸ் உண்ணும் நண்பர்களைச் சமமாக்குகின்றன. சமையலும் மனப்பாங்கும் அவற்றுக்குத் துணை நிற்கின்றன, அவ்வளவுதான்.

வாதத்துக்குள் செல்லுமுன் ஒரு விளக்கம் தேவை. தமிழ்நாட்டில் பார் என்றால் நினைவுக்கு வரும் இருட்டறைக்கும் ஸ்பெயினின் பாருக்கும் தொடர்பில்லை. அங்கே பார் என்பது காலையில் காப்பியும் வாட்டிய ரொட்டியும், நண்பகலில் சாப்பாடும், மாலையில் ஒயினும் பீரும் தரும் தெருமுனைக் கடை. பாட்டியும் பேரனும் ஒரே கவுண்டரில் நிற்பார்கள். குடிப்பதற்கென்று ஒதுங்கும் இடமாக அதை யாரும் கருதுவதில்லை.

2. அரசர்களின் கதையும் சாலையோர விருந்தும்

அரசர் கதைகளில் மூத்தது 13ஆம் நூற்றாண்டில் காஸ்தீலை ஆண்ட பத்தாம் அல்ஃபோன்சோவைப் பற்றியது. நோயுற்ற அரசர் சிறு கவளங்களோடு ஒயின் அருந்தித் தேறினார் என்றும், பிறகு விடுதிகளில் உணவின்றி ஒயின் விற்கக் கூடாதென்று ஆணையிட்டார் என்றும் கதை போகிறது. மற்றொரு கதை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கு வந்து, பதின்மூன்றாம் அல்ஃபோன்சோவைக் காதிஸ் கடற்கரை விடுதி ஒன்றில் உட்கார வைக்கிறது. காற்றில் மணல் விழாதிருக்கப் பணியாள் ஒரு துண்டு பன்றித்தொடை இறைச்சியை அவருடைய கோப்பைமேல் மூடிவைத்தாராம். அரசர் அதை உண்டு, குடித்து, இன்னொரு கோப்பையை அதே மூடியோடு கேட்டாராம். ஸ்பானிய மொழியில் தபா என்றாலே மூடி என்பதால் கதை எளிதில் ஒட்டிக்கொண்டது.

இரு கதைகளுக்கும் நடுவே ஆறு நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி இருக்கிறது. ஒரே வழக்கத்துக்கு இவ்வளவு தொலைவில் இரண்டு பிறப்புகள் சொல்லப்படுவதே ஐயம் கொள்ளப் போதும். ஆணையைப் பற்றிப் பேசுபவர்கள் அதன் வாசகத்தை எடுத்துக்காட்டுவதும் இல்லை. ஸ்பானிய மொழிக் கழகத்தின் அகராதி, தின்பண்டம் என்ற பொருளில் இச்சொல்லை 20ஆம் நூற்றாண்டில்தான் ஏற்றது. அப்போதும் ஆந்தலூசிய வட்டார வழக்கு என்ற குறிப்போடுதான் சேர்த்தது. நாடு முழுவதற்கும் பொதுவான பழம்பெரும் மரபாக இருந்திருந்தால் அகராதிக்காரர்கள் இவ்வளவு தாமதித்திருக்க மாட்டார்கள்.

ஆனால் ஒயினுக்குத் துணையாகச் சிறு உப்புக் கவளங்களை நண்பர்கள் சேர்ந்து உண்பது பழைய வழக்கம்தான். அதற்கு அரசர் கதைகளைவிட நல்ல சான்று இலக்கியத்தில் இருக்கிறது. 1615இல் வெளிவந்த தொன் கிஹோத்தே இரண்டாம் பாகத்தின் 54ஆம் அத்தியாயத்தில், ஆளுநர் பதவியை உதறிவிட்டு வரும் சாஞ்சோ பான்சா தன் ஊர்க்காரரான ரிக்கோத்தே என்னும் மொரிஸ்கோவைச் சாலையில் சந்திக்கிறான். மொரிஸ்கோக்கள் என்போர் கிறித்தவத்துக்கு மாற்றப்பட்ட முஸ்லிம்களின் வழிவந்தோர். 1609 முதல் 1614 வரை அவர்கள் நாட்டைவிட்டே துரத்தப்பட்டார்கள். ரிக்கோத்தே யாத்திரிகர் வேடத்தில் களவாகத் திரும்பி வந்திருக்கிறார். அவரோடு வந்தவர்கள் புல்தரையையே மேசைவிரிப்பாக்கி, ரொட்டி, உப்பு, கொட்டைகள், பாலாடைக் கட்டித் துண்டுகள், இறைச்சி கழிந்த பன்றித்தொடை எலும்புகள், தாகத்தை எழுப்பும் மீன்முட்டை, ஆலிவ் காய்கள் ஆகியவற்றைப் பரப்புகிறார்கள். கத்தி முனையால் ஒவ்வொன்றிலும் சிறிதளவு எடுத்து, நிதானமாகச் சுவைத்து, ஒயின் தோற்பைகளை ஒரே நேரத்தில் வானத்தை நோக்கி உயர்த்துகிறார்கள். தபாஸின் உறுப்புகள் பெரும்பாலும் இங்கே வந்துவிட்டன: உப்புப் பண்டம், சிறிய அளவு, பொதுவில் பரப்புதல், ஒன்றாகக் குடித்தல். அரசரோ விடுதிக்காரரோ இல்லை. வறியவர்களும் நாடு இழந்தவரும் பதவி இழந்தவனும் இருக்கிறார்கள்.

அந்த விரிப்பில் கிடக்கும் பன்றி எலும்பையும் கவனிக்க வேண்டும். பன்றி இறைச்சி உண்பது கிறித்தவ நம்பிக்கைக்குச் சான்றாகக் கேட்கப்பட்ட காலம் அது. மதத்தின் பெயரால் துரத்தப்பட்ட குடியைச் சேர்ந்தவர் அந்த எலும்பின் முன்னால் அமர்ந்திருப்பதை அக்கால வாசகர் சும்மா கடந்திருக்க மாட்டார். இன்று ஸ்பெயினின் பார்களில் உத்தரத்திலிருந்து தொங்கும் பன்றித்தொடைகளுக்கு இந்த வரலாறும் உண்டு. சேர்ந்துண்ணும் மேசை எல்லாருக்கும் எப்போதும் திறந்திருந்தது என்று எண்ணுவோர் இதை மறந்துவிடுகிறார்கள்.

நகரத்தின் பார்களில் சுற்றிச்சுற்றி உண்ணும் இன்றைய வடிவத்துக்குப் பின்னால் இருப்பது 19ஆம், 20ஆம் நூற்றாண்டுகளின் தாவெர்னா எனப்படும் ஒயின் கடை. மாட்ரிட்டில் 1860இல் தொடங்கப்பட்டு, பொரித்த காட் மீனுக்குப் பேர்போன காசா லாப்ரா இவற்றுள் ஒன்று. 1879 மே 2ஆம் நாள் பாப்லோ இக்லேசியாஸ் தலைமையில் அச்சுத் தொழிலாளர்கள் பெரும்பான்மையாகக் கூடி ஸ்பானிய சோசலிசத் தொழிலாளர் கட்சியை நிறுவியது இங்கேதான். சகோதர விருந்து என்ற பெயரில்தான் கூடினார்கள். ஒரு தட்டைச் சுற்றி நிற்பவர்கள் எதற்காகக் கூடினார்கள் என்று வெளியிலிருந்து யாரும் கேட்பதில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

3. சிறிய அளவின் கணக்கு

தபாஸைப் பற்றி எழுதுவோர் உணவிலிருந்து தொடங்குகிறார்கள். கோப்பையிலிருந்து தொடங்குவதே சரி. ஸ்பெயினில் கான்யா எனப்படும் பீர்க் கோப்பை ஏறத்தாழ 200 மில்லிலிட்டர் கொள்ளும்; ஸ்பெயினின் வடக்கிலுள்ள பாஸ்க் நாட்டின் சுரித்தோ அதைவிடவும் சிறியது. அங்கே ஒயினுக்கு இருந்த பழைய கோப்பையான சிக்கித்தோவில் இரண்டு மூன்று வாய் ஒயின்தான் ஊற்றுவார்கள். வெயிலில் பீர் சூடேறிவிடும், எனவே சிறிய கோப்பை என்று இதற்கு விளக்கம் சொல்வதுண்டு. அது உண்மையாக இருக்கலாம். ஆனால் மழையும் குளிருமான பாஸ்க் நாட்டில்தான் கோப்பை இன்னும் சிறியது. வெயிலால் மட்டும் இதை விளக்க முடியாது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் தெளிவாகிறது. ஆறு நண்பர்கள் ஒரு மாலையில் ஆறு பார்களுக்குப் போகிறார்கள். ஒவ்வொரு பாரிலும் ஒருவர் எல்லாருக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறார். ஆறாவது பாரில் எல்லாரும் ஒருமுறை கொடுத்தும் ஐந்துமுறை பெற்றும் முடிந்திருக்கும். கோப்பை அரை லிட்டராக இருந்தால் இந்த வட்டம் மூன்றாவது கடையிலேயே அறுந்துவிடும்; பாதிப்பேர் கடன்பட்டவர்களாகவும் பாதிப்பேர் கடன் கொடுத்தவர்களாகவும் வீடு திரும்புவார்கள். நண்பர்களின் எண்ணிக்கையளவு சுற்று நடந்து முடிய வேண்டுமானால் கோப்பை சிறிதாக இருக்க வேண்டும். வெறும் வயிற்றில் குடிக்காமலிருக்க ஒவ்வொரு கோப்பையோடும் ஒரு கவளம் வர வேண்டும். கால்கள் நடக்கும்படி கடைகள் அடுத்தடுத்து இருக்க வேண்டும். தபாஸின் சிறுமை என்று நாம் வியப்பதெல்லாம் இந்தக் கணக்குக்குள் அடங்கியிருக்கிறது.

பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் மோஸ் 1925இல் வெளியிட்ட கொடை பற்றிய ஆய்வில் கொடுத்தல், பெறுதல், திருப்பிக் கொடுத்தல் ஆகிய மூன்று கடமைகளைப் பிரித்துக் காட்டினார். திருப்பித் தர முடியாத கொடை பெறுபவரைத் தாழ்த்துகிறது என்பது அவருடைய முக்கியமான கண்டறிதல். தபாஸ் சுற்று அந்தத் தாழ்வு நீடிக்க இடம் கொடுப்பதில்லை. கடன் பத்து இருபது நிமிடத்துக்குமேல் ஒருவர் தலையில் நிற்காது. அடுத்த கடைவாசலில் அது இன்னொருவருக்கு மாறிவிடுகிறது. அன்றிரவு கணக்குத் தீராவிட்டாலும் மறுவாரம் தீரும் என்ற எதிர்பார்ப்பே நண்பர்களை மறுபடி கூட்டுகிறது.

பாஸ்க் நாட்டின் குவாத்ரியாக்கள் இன்னொரு முறையைக் கடைப்பிடிக்கின்றன. குவாத்ரியா என்பது பள்ளிப் பருவத்திலோ தெருவிலோ உருவாகி, பெரும்பாலும் ஆயுள் முழுக்கத் தொடரும் சேக்காளிக் கூட்டம். ஸ்பானிய மானிடவியலாளர் எவுஹேனியா ரமீரெஸ் கொய்கோச்சேயா 1984இல் இவற்றைப் பற்றி ஒரு தனி ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்கிறார். மாலை தொடங்கும்போது ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு ஒரு பொதுப்பணம் சேர்ப்பார்கள். ஒருவர் அதை வைத்துக்கொண்டு எல்லாக் கடைகளிலும் கொடுப்பார். தீர்ந்தால் மறுபடி போடுவார்கள். யார் எவ்வளவு தின்றார் என்பதை யாரும் எண்ணுவதில்லை. தனித்தனிச் சுற்றைவிட இது ஒரு படி மேலான சமத்துவம் என்பது என் மதிப்பீடு. கொடுப்பவர் யார் என்ற பெருமைக்கே இதில் இடமில்லை.

கடைக்காரரோடு உள்ள உறவிலும் இதே தன்மையைக் காணலாம். செவிய்யாவில் 1670 முதல் நடந்துவரும் எல் ரிங்கோன்சியோவில், நீங்கள் கேட்டவற்றின் விலையைப் பரிமாறுபவர் மரக் கவுண்டரின் மேலேயே சுண்ணக்கட்டியால் எழுதுகிறார். கொண்டைக்கடலை போட்ட பசலைக்கீரை ஒரு வரி, பொரித்த காட் மீன் ஒரு வரி, கோப்பைகள் ஒரு வரி. இறுதியில் கூட்டிச் சொல்லிவிட்டு ஈரத்துணியால் துடைத்துவிடுவார். கணக்கு எல்லார் கண்முன்னும் கிடக்கிறது, ஆனால் யார் பெயரிலும் கிடப்பதில்லை. பாஸ்க் நாட்டின் சான் செபஸ்தியான் நகரப் பார்களில் ரொட்டித் துண்டின் மேல் பண்டத்தை வைத்துக் குச்சியால் குத்திய பிஞ்சோக்கள் கவுண்டரில் அடுக்கப்பட்டிருக்கும். எடுத்து உண்டவர் எத்தனை உண்டோம் என்று தாமே சொல்லிப் பணம் கொடுப்பது அங்கே நெடுநாள் வழக்கம்.

அந்த நகரத்தில் 1940களில் காசா வாயெஸ் என்ற கடையில் பிறந்ததாகச் சொல்லப்படும் ஹில்தாவைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஒரு பல்குச்சியில் ஓர் ஆலிவ் காய், உப்பில் பதப்படுத்திய ஒரு நெத்திலி, காடியில் ஊறிய இரண்டு மூன்று மெல்லிய பச்சை மிளகாய். ரீட்டா ஹேவொர்த் நடித்த 1946ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் பெயர்தான் இதற்கு. பொருள்கள் மூன்றுமே பாட்டிலிலோ தகரத்திலோ கெடாமல் கிடப்பவை. கடைக்காரருக்கு அடுப்பு தேவையில்லை. உண்பவருக்குத் தட்டும் முள்கரண்டியும் தேவையில்லை. 1939 முதல் 1952 வரை பங்கீட்டு அட்டையில் உணவு விநியோகிக்கப்பட்ட நாட்டில், ஒரே வாயில் உப்பும் புளிப்பும் காரமும் எண்ணெயும் தரும் இந்தப் பண்டம் மலிவான பொருள்களைக் கொண்டு சமைக்காமலே செய்த சமையல். ஒரு கையில் கோப்பை, மறு கையில் குச்சி; இரண்டு கைகளும் நிறைந்திருந்தாலும் வாய் பேசுவதற்குக் காலியாகவே இருக்கிறது.

பொதுத்தட்டின் ஒழுங்குக்கு இன்னொரு சான்று, எழுதப்படாத ஒரு விதி. ஸ்பெயினில் கொரோக்கெட்டா எனப்படும் பொரித்த உருண்டைகள் எட்டு வந்த தட்டில் ஏழு போனபின் எட்டாவதை யாரும் தொடுவதில்லை. எடுப்பதற்கு நாணும் அந்தக் கடைசித் துண்டு ஆறிப்போகும்வரை கிடக்கும்; யாராவது ஒருவர் மற்றவரை வற்புறுத்தியோ பாதியாக வெட்டியோதான் அது தீரும். பசியைவிடக் கூட்டத்தின் கண் வலிமையாக வேலை செய்யும் தருணம் இது. ஒருவர் உண்டதை இன்னொருவர் உண்ண முடியாது, ஆகவே உண்பது மனிதச் செயல்களில் மிகவும் தன்னலமானது. அதுவே மனிதரைக் கூட்டவும் செய்கிறது என்று ஜெர்மானியச் சமூகவியலாளர் கியோர்க் ஸிம்மல் 1910இல் உணவைப் பற்றிய கட்டுரையில் எழுதினார். அவர் சொன்ன முரண் அந்த எட்டாவது கொரோக்கெட்டாவில் கண்ணுக்குத் தெரிகிறது.

4. வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவே

ஆங்கிலேய மானிடவியலாளர் மேரி டக்ளஸ் 1972இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் தம் சமூகத்தின் விருந்தோம்பலை இரண்டாகப் பிரித்தார். பானம் அறிமுகமானவர்களுக்கும் அயலாருக்கும் உரியது. சாப்பாடு குடும்பத்தாருக்கும் நெருங்கிய நண்பர்களுக்கும் உரியது. ஒருவரைப் பானத்திலிருந்து சாப்பாட்டுக்கு அழைப்பது நட்பில் ஒரு படி ஏறுவது. தபாஸ் இந்தப் பிரிவினைக்குள் அடங்கவில்லை. பானத்தோடு தொடங்கி, கவளங்கள் சேர்ந்துசேர்ந்து, இதுவரை அருந்தினோம் இனிச் சாப்பிடுகிறோம் என்று கோடு போட முடியாமல் வயிறு நிறைந்துவிடுகிறது. அலுவலகத்தில் நேற்று வந்து சேர்ந்தவரும் முப்பதாண்டுத் தோழரும் ஒரே கவுண்டரில் ஒரே தட்டிலிருந்து எடுக்கலாம். வந்தவர் ஒரு கோப்பையோடு விடைபெறலாம், அது அவமதிப்பாகாது. நட்பின் படிநிலைகளை அறிவிக்காமலே சேர்ந்துண்ண வழி இருப்பது எளிய விஷயமாகத் தோன்றலாம், ஆனால் பல சமூகங்களில் அது கிடைப்பதில்லை.

இதற்கு நகர வாழ்க்கையின் நெருக்கடியும் காரணம். 1950களிலும் 60களிலும் கிராமங்களிலிருந்து மாட்ரிட்டுக்கும் பார்சலோனாவுக்கும் பில்பாவோவுக்கும் இடம்பெயர்ந்த இலட்சக்கணக்கானோர் சிறு அடுக்குமாடி வீடுகளில் குடியேறினார்கள். அங்கே பத்துப் பேரை அழைத்து உட்கார வைக்க இடமில்லை. இன்றும் ஸ்பானிய இளைஞர்கள் பெற்றோர் வீட்டைவிட்டு வெளியேறுவது சராசரியாக 30 வயதை ஒட்டித்தான். வீடு குடும்பத்துக்கு, தெரு நண்பர்களுக்கு என்ற பிரிவு நிலைத்ததில் வியப்பில்லை. நேரமும் துணை செய்தது. கிரீனிச் தீர்க்கரேகை ஸ்பெயினின் கிழக்குப் பகுதி வழியாகவே செல்கிறது. ஆயினும் 1940இல் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் அரசு கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி மத்திய ஐரோப்பிய நேரத்தோடு சேர்த்தது, அது இன்றுவரை மாறவில்லை. இரவு உணவு ஒன்பது பத்து மணிக்குப் போய்விட்டது. வேலை முடிவதற்கும் இரவு உணவுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மாலைதான் தபாஸின் நேரம்.

5. வட்டத்துக்கு வெளியே

மேலே சொன்ன சமத்துவத்துக்கு ஒரு கடுமையான மறுப்பு உண்டு: இந்த வட்டத்துக்குள் சமமாக இருந்தவர்கள் யார்? 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஒயின் கடையில் சுற்று வந்தவர்கள் ஆண்கள். 1975 வரை மணமான பெண் வேலைக்குச் செல்லவோ வங்கிக் கணக்குத் தொடங்கவோ கணவனின் அனுமதியைச் சட்டம் கோரிய நாடு அது. தன் கையில் பணமில்லாதவர் சுற்றுக்குப் பணம் கொடுக்க முடியாது. கொடுக்க முடியாதவர் வட்டத்தில் நிற்க முடியாது. சான் செபஸ்தியானில் ஆண்கள் கூடிச் சமைத்து உண்ணும் சங்கங்கள் பல பெண்களை உறுப்பினராக்க மறுத்தன. சிலவற்றில் சமையலறைக்குள் பெண்கள் நுழையத் தடை அண்மைக்காலம் வரை நீடித்தது. ஆண்கள் தெருவில் மூன்று மணி நேரம் நிற்க முடிந்ததற்கு, வீட்டில் பிள்ளைகளையும் அடுப்பையும் யாரோ பார்த்துக்கொண்டதே காரணம். தபாஸ் பற்றிய இனிய நூல்கள் இந்த உழைப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இந்த மறுப்பை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அது என் வாதத்தை உடைப்பதைவிட வலுப்படுத்துகிறது. சமத்துவம் மனப்பாங்கிலிருந்து வந்திருந்தால் பெண்களுக்கும் அது தானாகக் கிடைத்திருக்கும். அது பணத்தையும் நேரத்தையும் பொறுத்த ஏற்பாடு என்பதால், அவை பெண்கள் கைக்கு வந்தபின்தான் வட்டம் திறந்தது. இன்று செவிய்யாவிலோ கிரனாதாவிலோ ஒரு மாலைக் கூட்டத்தில் ஆண்களும் பெண்களும் கலந்தே நிற்கிறார்கள். பெண்கள் மட்டுமான கூட்டங்களும் அதே சுற்றை அதே விதிகளோடு நடத்துகின்றன.

பணமில்லாதவரின் சிக்கல் இன்னும் தீரவில்லை. 2013இல் ஸ்பெயினின் வேலையின்மை 26 விழுக்காட்டைத் தொட்டது. வேலை இழந்தவர் முதலில் இழப்பது வெள்ளிக்கிழமைச் சுற்றையாகவே இருக்கும். தன் முறை வரும்போது கொடுக்க முடியாதென்று தெரிந்தவர் வருவதையே நிறுத்திவிடுவார். கடையில் மது வாங்கிவந்து சதுக்கங்களில் கூட்டமாகக் குடிக்கும் போத்தெயோன் என்ற இளைஞர் வழக்கம் 1990களிலேயே பரவியதற்குப் பார்களின் விலையும் ஒரு காரணம். அங்கே தின்பண்டம் இல்லை, சிறு கோப்பை இல்லை, நடையும் இல்லை. குடி மட்டுமே இருக்கிறது. ஏற்பாடுகள் ஒவ்வொன்றாகக் கழன்றால் என்ன மிஞ்சும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. கோப்பை வாங்கினால் தபா இலவசம் என்னும் கிரனாதா, ஹயேன், அல்மெரியா, லெயோன் நகரங்களின் வழக்கம் இந்த இடத்தில் மதிப்பு மிக்கது. கிரனாதாவின் பெரும்பாலான கடைகளில் என்ன தபா வரும் என்பதைக் கடைக்காரரே முடிவு செய்கிறார். மாணவரும் பேராசிரியரும் ஒரே விலைக்கு ஒரே பண்டத்தைப் பெறுகிறார்கள்.

சுற்று முறை குடிக்க வற்புறுத்துகிறதே என்று கேட்கலாம். ஆறு பேர் என்றால் ஆறு கோப்பை என்பது சிறிய அளவானாலும் கூடிப்போகும். உண்மைதான், இதனால் உடல் கெட்டவர்கள் உண்டு. ஆனால் சுற்றில் பங்கெடுக்க மது கட்டாயம் என்ற விதி தளர்ந்துவிட்டது. பாஸ்க் பார்களில் திராட்சைச் சாறும், நாடெங்கும் மதுவற்ற பீரும் அதே சிறு கோப்பையில், அதே கவளத்தோடு வருகின்றன.

6. பிற ஊர்களிலும் உண்டே?

லெபனானிலும் துருக்கியிலும் மெஸ்ஸே, ஜப்பானில் இஸகாயா, சீனத்தில் டிம் சம் என்று சிறு தட்டுகளைப் பகிரும் வழக்கங்கள் பல இருக்க, தபாஸில் மட்டும் என்ன தனித்தன்மை என்பது இன்னொரு கேள்வி. தட்டை வைத்துப் பார்த்தால் தனித்தன்மை அதிகமில்லை. மெஸ்ஸேயின் பெருமை மேசையை நிறைப்பதில் இருக்கிறது. விருந்தளிப்பவரின் தாராளம் அதில் தெரிய வேண்டும். இஸகாயாவில் கூட்டம் ஓரிடத்தில் அமர்ந்து மாலையைக் கழிக்கிறது. தபாஸில் விருந்தளிப்பவர் என்று ஒருவர் நிலையாக இல்லை, தலைமை இருக்கையும் இல்லை. கடை மாறும்போதெல்லாம் நிற்கும் வரிசை கலைகிறது. முதல் கடையில் ஓரத்தில் நின்றவர் அடுத்ததில் நடுவில் நிற்கிறார். ஒருவரோடு பேசிக்கொண்டே நடந்தவர் உள்ளே வேறொருவர் அருகில் போய்ச் சேர்கிறார். எட்டுப் பேர் கொண்ட கூட்டத்தில் எல்லாரும் எல்லாரோடும் பேச வேண்டுமானால் இதைவிட எளிய வழி இல்லை.

7. தட்டு பயணம் போனபோது

பெனலோபி காசஸ் 1985இல் எழுதிய தபாஸ் நூலும், 1993இல் வாஷிங்டனில் திறக்கப்பட்டு ஹோசே அந்திரேஸின் சமையலால் புகழ்பெற்ற ஹலேயோ உணவகமும் அமெரிக்காவில் இவ்வழக்கத்தைப் பரப்பின. பார்சலோனாவில் அத்ரியா சகோதரர்கள் 2011இல் தொடங்கிய டிக்கெட்ஸ், ஆலிவ் சாற்றைக் காயின் வடிவத்தில் உருட்டித் தந்து தபாஸை உயர்சமையலாக்கியது. இந்தச் சமையல்காரர்களின் திறமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இத்தகைய உணவகங்களில் மேசை முன்பதிவில் கிடைக்கிறது. பல நகரங்களில் ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் எழுந்துவிட வேண்டும். சிறு தட்டின் விலை சிறிதாக இல்லை. இறுதியில் வரும் ஒரே பெரிய ரசீதைப் பிரிப்பதில் சமத்துவம் சோதனைக்கு உள்ளாகிறது.

அதற்காக அமர்ந்து உண்பது போலி என்று தள்ளிவிட முடியாது. ஸ்பெயினிலேயே ரசியோன் எனப்படும் பெரிய தட்டையும் அதன் பாதியையும் நடுவில் வைத்துச் சுற்றி அமர்ந்து உண்கிறார்கள். முழங்கால் வலிக்கும் முதியோருக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் அதுவே தபாஸ். நான்கு ஏற்பாடுகளில் பொதுத்தட்டு ஒன்று மட்டும் உணவகத்தில் எஞ்சுகிறது. அந்த ஒன்றும் வேலை செய்கிறது என்பதால்தான் வெளிநாட்டுத் தபாஸ் மேசையிலும் பேச்சு மலர்கிறது. மற்ற மூன்றையும் உண்பவர்கள் தாமே கொண்டுவர வேண்டியிருக்கிறது.

உண்மையான ஆபத்து ஸ்பெயினுக்குள்தான் இருக்கிறது. 4.9 கோடி மக்கள் வாழும் நாட்டுக்கு 2024இல் ஏறத்தாழ 9.4 கோடி வெளிநாட்டுப் பயணிகள் வந்தார்கள். பழைய நகரப் பகுதிகளில் வாடகை ஏறி, அண்டை அயலாருக்கு மலிவான கோப்பை தந்த கடைகள் மூடுகின்றன. அவ்விடத்தில் படம் போட்ட பட்டியலோடு பயணிகளுக்கான கடைகள் வருகின்றன. சேர்ந்துண்ணும் பண்பைச் சிறப்பித்து மத்தியதரை உணவுமுறையை யுனெஸ்கோ 2010இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது. பட்டியல் வாடகையைக் குறைக்காது. சான் செபஸ்தியான் தன் பழைய நகரில் புதிய சுற்றுலாக் குடியிருப்புகளைத் தடுத்ததுபோல, அருகருகே நான்கு சிறு கடைகள் பிழைக்கும்படி ஒரு தெருவைக் காப்பதே தபாஸைக் காப்பதாகும். செய்முறைகளை எழுதிவைப்பதற்கு அடுத்த இடம்தான்.

ஸ்பெயினுக்கு வெளியே ஒரு தபாஸ் உணவகத்தில் நண்பர்களோடு அமரப்போகும் வாசகர் செய்யக்கூடியதும் உண்டு. பட்டியலில் உள்ளதையெல்லாம் ஒரேயடியாகக் கேட்டுவிடாதீர்கள். இரண்டு தட்டு கேளுங்கள், தீர்ந்தபின் அடுத்த இரண்டை வேறொருவர் முடிவு செய்யட்டும். பாதியில் எழுந்து இடம் மாறி அமருங்கள். பணத்தைத் தொடக்கத்திலேயே ஆளுக்கு இவ்வளவு என்று சேர்த்து ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். கூட்டத்தில் கையில் குறைவாக உள்ளவரால் எவ்வளவு போட முடியுமோ அதையே எல்லாருக்குமான தொகையாக வையுங்கள்.